அப்பா போட்ட கையெழுத்து, அப்பாவுக்கே நினைவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. அல்சைமர் நோய் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். அவர் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீட்டை எட்டு மாதத்துக்கு முன்பே அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரமாக, அதாவது பணம் வாங்காமல், எழுதிக்கொடுத்திருக்கிறார். கேட்டால் "நானா? எப்போ?" என்கிறார். பத்திரம் செல்லுமா? அப்பாவை வைத்து ரத்துப் பத்திரம் எழுதிவிடலாம் என்கிறார்கள், எழுதலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். எட்டு மாதத்துக்கு முன்பே அப்பாவுக்குப் புத்தித் தெளிவு இல்லை என்று வாதாடப்போகிற நீங்களே, இன்று அவரிடம் கையெழுத்து வாங்கினால் அண்ணனின் வக்கீலுக்கு வேறு சாட்சியே தேவைப்படாது. உங்கள் பெயருக்கு பவர் எழுதி வாங்குவதும் அப்படித்தான். தெளிவோடு கொடுத்த பவரே, கொடுத்தவர் புத்தி தவறிவிட்டால் முடிந்துபோகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு.

அல்சைமர் என்ற பெயர் மட்டுமே பத்திரத்தைக் கவிழ்த்துவிடாது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு பார்ப்பது கையெழுத்துப் போட்ட நேரத்தை: செய்வது இன்னதென்று புரிந்ததா, தனக்கு அது நல்லதா என்று யோசிக்க முடிந்ததா? காலையில் கணக்குவழக்கு பேசிவிட்டு சாயங்காலம் பெற்ற மகளையே யாரென்று கேட்க வைக்கும் நோய் இது. எதிர்த்தரப்பு அந்தக் காலைப் பொழுதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

அதனால் பதிவுத் தேதியை ஒட்டிய மருத்துவக் காகிதங்களைத் தேடுங்கள். ஸ்கேன் மூளைச் சுருக்கத்தைக் காட்டலாம், அன்றைய புத்தியைக் காட்டாது. 30 மதிப்பெண்ணுக்கு வைக்கும் நினைவுத்திறன் சோதனை, ஓ.பி. சீட்டில் மருத்துவர் எழுதிய குறிப்பு, இவைதான் பேசும். நோயால் மனத்திறன் குன்றியவரைத் தன் பிடியில் வைத்து எழுதி வாங்கியதாக 16ஆம் பிரிவின் கீழும் சேர்த்து வாதாடலாம்.

சரி, வழக்கை யார் போடுவது? அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் சுயசம்பாத்தியத்தில் உங்களுக்குத் தனி உரிமை இல்லை. வாதி அப்பாதான். நீங்கள் அவருடைய நெக்ஸ்ட் ஃப்ரெண்டாக, அதாவது தானே வழக்கு நடத்த முடியாதவருக்காக நடத்துபவராக, சிவில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். காலவரம்பு மூன்று வருடம். இருந்தாலும் அண்ணன் வீட்டை விற்பதற்குள் தடையுத்தரவு கேட்டுவிடுங்கள்.

அப்பாவால் தன் நலனைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று நீதிமன்றம் விசாரிக்கும். நீதிபதி அவரிடமே பேசிப் பார்க்கலாம். அன்றைக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகாதீர்கள். அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்கட்டும்.