களத்திலிருந்து வரும் புகார்

அன்புள்ள ஐயா,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்களை வாசித்து வருகிறேன். பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில், ட்ரோன் எடுக்கும் படங்களிலிருந்து வாகனங்களை இனம்காணும் மென்பொருளை உருவாக்கும் சிறு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். டெமோ நன்றாகப் போனது. மேலிடத்தில் பாராட்டினார்கள், சீக்கிரம் படையில் சேர்க்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள். முதல்கட்டமாக இரண்டு பிரிவுகளிடம் கொடுத்திருக்கிறோம். புகார்கள் வருகின்றன. ஆனால் பெரும்பாலானவை சரியாகப் பயன்படுத்தத் தெரியாததால் வருபவை.

என் கேள்வி: இதுபோன்ற புதிய தொழில்நுட்பங்களை வளர்த்தெடுக்க அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா போன்ற சிறிய, சுதந்திரமான அமைப்பு நல்லதா, பெரிய ஆய்வுக்கூடங்கள் நல்லதா? மற்ற நாடுகள் வேகமாகப் போகின்றன, பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் பல இரவுகள் தூக்கமே வருவதில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்,

முதலில் தூங்குங்கள். மற்ற நாடுகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்பது அவர்கள் வெளியே சொல்லும் கணக்கு. அவர்களுடைய டெமோக்களையும் உங்களுடையதைப் போலத்தான் நல்ல வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். நண்பர்கள் சொல்வதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த வேலையில் இருப்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சிதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லாத ஆய்வுக்கூடம் நல்ல ஆய்வுக்கூடம் இல்லை.

டார்பா விஷயம். சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் தந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1958இல் தொடங்கப்பட்டது. சொந்தமாக ஆய்வுக்கூடம் கிடையாது. திட்ட மேலாளர்கள் சில ஆண்டுகளுக்கு வந்து, பணத்தைப் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதன் நன்மைகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சிறியதா பெரியதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். இரண்டிலும் நல்ல கருவிகள் பிறந்திருக்கின்றன, இரண்டிலும் பணம் பாழாகியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. ‘பெரும்பாலானவை சரியாகப் பயன்படுத்தத் தெரியாததால் வருபவை.’ இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் கடந்த சில வாரங்களாக, இதே வரி இருபத்தொரு மாதம் ஒரு கடற்படையை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோ, நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் ஆயுதம். நியூபோர்ட்டில் இருந்த டார்பிடோ நிலையத்தில் உருவானது. அந்தக் காலத்தில் ஒன்றின் விலை சுமார் 10,000 டாலர். எதிரிக் கப்பலின் அடியில் போகும்போது அதன் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் ஒரு புதிய வெடிதூண்டியை அதில் பொருத்தியிருந்தார்கள். அன்றைய ‘எதிர்காலத் தொழில்நுட்பம்’ அதுதான். இரகசியம் என்று பொத்திப் பொத்தி வைத்தார்கள். விலை அதிகம் என்பதால் வெடிக்க வைத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. அந்த வெடிதூண்டியின் மூல வடிவத்தை உண்மையான வெடிமருந்தோடு, ஒரு பழைய நீர்மூழ்கியின் மீது 1926இல் இரண்டு முறை சோதித்தார்கள். ஒன்று வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை. அதை நம்பிப் போருக்குப் போனார்கள்.

1941 டிசம்பரில் போர் வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களின் தலைவர்கள் திரும்பி வந்து சொன்னார்கள்: குறி வைத்தோம், சுட்டோம், கப்பலுக்கு அடியில் போய்விட்டது. சிலர் சொன்னார்கள்: பாதி வழியிலேயே வெடித்துவிட்டது. கடற்படையின் ஆயுதப் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? உங்களுக்குக் குறி வைக்கத் தெரியவில்லை. சரியாகப் பராமரிக்கத் தெரியவில்லை. உங்கள் வரிதான் அம்மா, அதே வரி.

1942 ஜூனில் லாக்வுட் என்ற தளபதி, ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே கடலில் ஒரு மீன்பிடி வலையைக் கட்டினார். டார்பிடோக்களை அதன் மீது ஏவினார். வலையில் எந்த ஆழத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அளந்தார்கள். 10 அடியில் போகும்படி அமைத்தது 25 அடியில் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஆயுதப் பிரிவு அப்போதும் சோதனையில் குறை கண்டுபிடித்தது. மறுபடி சோதித்த பிறகு, ஆகஸ்டில்தான் ஒப்புக்கொண்டது. காரணம் என்ன? ஆழத்தை உணரும் பகுதியை வால்பக்கம் கூம்பும் இடத்தில் வைத்திருந்தார்கள். டார்பிடோ வேகமாக ஓடும்போது அங்கே நீரழுத்தம் குறைந்து காட்டும். ‘மேலே இருக்கிறேன்’ என்று கருவி நினைத்துக்கொண்டு இன்னும் கீழே இறங்கும். போதாததற்கு, ஒத்திகைக்குப் பொருத்திய முனை உண்மையான வெடிமுனையைவிட எடை குறைந்தது. அதாவது, சோதித்த பொருளும் போருக்கு அனுப்பிய பொருளும் ஒன்றல்ல. உங்கள் மென்பொருளுக்கு நீங்கள் காட்டிய படங்களும், அந்த இரண்டு பிரிவுகளிடம் இருக்கும் கேமரா தரும் படங்களும் ஒன்றுதானா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆழம் சரியானது. காந்த வெடிதூண்டி சரியாகவில்லை. 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் அதை முடக்கிவிடச் சொன்னார். மோதினால் வெடிக்கும் பழைய வழி போதும் என்றார்கள். அப்புறம்தான் மூன்றாவது குறை வெளியே வந்தது. 1943 ஜூலை 24, டினோசா என்ற நீர்மூழ்கி. எதிரே அசையாமல் நிற்கும் பெரிய எண்ணெய்க் கப்பல். தலைவர் டாஸ்பிட் பாடப்புத்தகத்தில் உள்ளபடி செங்கோணத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சுட்டார். ஒவ்வொன்றும் கப்பலின் பக்கவாட்டில் மோதியது, வெடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நிதானமாகக் குறித்துக்கொண்டார். கடைசி டார்பிடோவைச் சுடாமல் பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவந்தார், நீங்களே பிரித்துப் பாருங்கள் என்று. அந்த மனிதரின் பொறுமையை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

பிறகு ஹவாய்த் தீவு ஒன்றின் பாறைச்சுவரில் ஏவிப் பார்த்தார்கள். வெடிமருந்து இல்லாத முனைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மீது விழவிட்டார்கள். நேராக விழுந்தால் பத்தில் ஏழு வேலை செய்யவில்லை. சாய்வாக விழுந்தால் தோல்வி பாதியாகக் குறைந்தது. மெதுவாகப் போகும் பழைய டார்பிடோவுக்குச் செய்த அமைப்பை 46 நாட், அதாவது மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர் வேகத்தில் போகும் புதியதில் வைத்திருந்தார்கள். வெடியைத் தட்டி எழுப்பும் சின்ன ஊசி அந்த மோதலைத் தாங்கவில்லை. இதன் அர்த்தம் உங்களுக்குப் புரிகிறதா? மிக நன்றாகக் குறி வைத்தவருக்குத்தான் மிக அதிகமாகத் தோற்றது. யாரைப் பார்த்துச் சுடத் தெரியவில்லை என்றார்களோ, அவர்கள் சரியாகச் சுட்டதால்தான் வெடிக்கவில்லை.

என் இளமையில் சில காலம் கருவிகளின் களச்சோதனையில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு கம்பியில்லாத் தொடர்புக் கருவி. இரவுச் சோதனை. நடுவயதுச் சிக்னல் வீரர் ஒருவர் கருவியைக் கையில் வாங்கியதும், பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துக் கம்பி சேரும் இடத்தைச் சுற்றினார். ஏன் என்று கேட்டேன். மணல் புகுந்தால் கம்பி கழன்றுவிடும் சார் என்றார். எத்தனை நாளாக இப்படி என்றேன். கொடுத்த நாளிலிருந்து என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர் நிரப்ப வேண்டிய படிவத்தைக் காட்டினார். திருப்தி, திருப்தியில்லை என்று இரண்டு கட்டங்கள். கீழே ‘இயக்குபவரின் பிழை’ என்று ஒரு கட்டம். டேப் சுற்றியதை எழுத இடமே இல்லை. நான் தனித்தாளில் எழுதி இணைத்தேன். மேலே போன கோப்பில் அந்தத் தாள் இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது மென்பொருள், எல்லாம் பதிவாகும் என்பீர்கள். 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். அமெரிக்கப் படையின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு. அதன் கடிகாரக் கணக்கில் ஒரு சிறு தோராயம் இருந்தது. இயங்க இயங்க அது கூடிக்கொண்டே போகும். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் மூன்றில் ஒரு நொடி பிசகிவிட்டது. அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுப்பு எழவே இல்லை. 28 பேர் செத்தார்கள். இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே, 8 மணி நேரம் ஓடினாலே குறி நகர்கிறது என்று தரவோடு சொல்லியிருந்தார்கள். அவ்வளவு நேரம் யாரும் ஓட்டமாட்டார்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் எண்ணிக்கொண்டார்கள். ‘மிக நீண்ட நேரம்’ ஓட்டினால் பிசகும் என்று களத்துக்குச் செய்தி போனது. எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், 26ஆம் தேதி.

நீங்கள் புத்திசாலி. உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன். குறை மற்றவரிடம்தான் என்று காரணம் கண்டுபிடிக்கப் புத்திசாலிகளுக்கு அதிக நேரம் ஆவதில்லை. மார்க் 14 தடுமாறிய அதே இரண்டாம் உலகப் போரில், அதே அமெரிக்காவில், மெர்ல் டூவ் என்ற இயற்பியலாளரின் குழு பீரங்கிக் குண்டுக்குள் ரேடியோ ஃபியூஸ் செய்தது, இலக்கை நெருங்கியதும் குண்டைத் தானாக வெடிக்க வைக்கும் கருவி. அவர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், விழுந்த குண்டை மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள், உள்ளே எந்தக் கண்ணாடிக் குழாய் உடைந்திருக்கிறது என்று பார்த்தார்கள், மாற்றிச் செய்தார்கள், மறுபடி சுட்டார்கள். 1942 ஆகஸ்டில் க்ளீவ்லாண்ட் கப்பலிலிருந்து ஆளில்லா விமானங்களைச் சுட்டு வீழ்த்திக் காட்டினார்கள். 1943 ஜனவரியில் போரில் பயன்பட்டது. தோண்டிப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்தது, நியூபோர்ட்டில் இல்லை. சிறிய அமைப்பா பெரிய அமைப்பா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

செய்தவரே சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு கூடாது. அமெரிக்கக் காங்கிரஸ் 1983இல்தான் களச்சோதனைக்கென்று, ஆயுதத்தை உருவாக்குபவர்களுக்குக் கட்டுப்படாத தனி அலுவலகம் அமைத்தது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குழுவில் ஒருவரை, நிரல் ஒரு வரிகூட எழுதாத ஒருவரை, புகார்களுக்கு மட்டும் வையுங்கள். அவர் உங்களுக்குக் கீழே இருக்கக் கூடாது. மேலிடம் அவசரப்படுத்தினால், மழையிலும் புழுதியிலும் எடுத்த படங்களில் எத்தனை தவறின என்ற எண்ணை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாக வேண்டாம். எழுத்தில்.

அப்புறம், வந்திருக்கும் புகார்களை ‘பயன்படுத்தத் தெரியாதது’ என்ற பெட்டியிலிருந்து எடுத்து, எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லித்தராதீர்கள். எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பார்த்ததை எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.