தொலைவில் இருந்த மடத்துக்கு ஊர் நிலம் எப்படிச் சொந்தமானது?

இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய வரலாற்றைப் படிப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. மடம் பல மைல் தள்ளி இருக்கிறது, ஆனால் இந்த ஊர் வயல் அதற்குச் சொந்தம் என்கிறார்களே?

இங்கே மடம் என்பது 'அபி' (abbey), அதாவது துறவிகள் சேர்ந்து வாழ்ந்த கிறிஸ்தவ மடம். தங்கள் ஆன்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லி மன்னர்களும் பிரபுக்களும் அதற்கு நிலம் எழுதிவைத்தார்கள். கொடுத்தவருக்கு எங்கே நிலம் இருந்ததோ, மடத்துக்கும் அங்கேதான் கிடைத்தது. அதனால்தான் இந்தச் சிதறல்.

சரி, இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? ஒரு பிரபு இறந்தால் வாரிசு, அந்த நிலத்தைத் தந்த மேல்பிரபுவுக்கோ மன்னருக்கோ பணம் கட்டித்தான் நிலத்தை ஏற்க முடியும். வாரிசே இல்லையென்றால் நிலம் தந்தவருக்கே திரும்பும். மடமோ சாவதில்லை. உண்டியலில் போட்ட காசு மாதிரி, உள்ளே போனது வெளியே வராது. சாமர்செட்டின் கிளாஸ்டன்பரி, 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்பிலேயே நாட்டின் மிகப் பணக்கார மடம். தன் வருமானம் போகிறதே என்று மன்னர் முதலாம் எட்வர்ட் 1279இல் இத்தகைய தானங்களுக்குத் தடைச் சட்டமே போட்டார். அப்புறம் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதியும் கொடுத்தார்கள், அது வேறு கதை!

மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தபோது நிலம் உழுதவர்களுக்குக் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அரசுக்குப் போய், பெரும்பகுதி வசதி படைத்தவர்களுக்கு விற்கப்பட்டது, குத்தகை உழவருக்கு முதலாளி மட்டும்தான் மாறினார்.