பேச்சைப் பதிவது யார் வேலை? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் கொருக்குப்பேட்டை. நல்ல கூட்டங்கள் எல்லாம் மயிலாப்பூரிலோ அண்ணாசாலையிலோ தரமணியிலோதான் நடக்கின்றன. வேலை முடித்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, பஸ் பிடித்துப் போனால் நன்றியுரைக்குத்தான் போய்ச் சேர முடிகிறது.

பாஸ்டன் நகரத்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஜிபிஹெச், 'ஃபோரம் நெட்வொர்க்' என்ற பெயரில் நூலகங்களிலும் கல்லூரிகளிலும் அருங்காட்சியகங்களிலும் நடக்கும் இலவச உரைகளைப் பதிவுசெய்து இணையத்தில் எல்லோருக்கும் கொடுப்பதைப் பார்த்தேன். நம் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் இதை ஏன் செய்யக் கூடாது? பெரிய பேச்சாளர்களை வட சென்னைக்கு அழைத்து வந்து பேசவைத்துப் பதிவு செய்யலாமே? "அதான் யூடியூப்ல எல்லாம் கெடக்குதே, இன்னாத்துக்கு கவர்மென்ட்டு?" என்கிறான் என் நண்பன். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் நடத்தலாம் என்றிருக்கிறோம். பதிவு செய்ய என்ன தேவைப்படும்?

க., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி க.வுக்கு,

பாஸ்டன் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் நம் ஊர் மில் வாசலுக்கு வந்துவிடலாம். அங்கே நெசவு மில்லில் செழித்த குடும்பம் ஒன்று, லோவல். அந்த வீட்டுப் பிள்ளை ஜான் லோவல், மனைவியும் இரண்டு மகள்களும் அடுத்தடுத்து இறந்துபோக, ஊர் ஊராகச் சுற்றக் கிளம்பினார். 1836இல் பம்பாயில் இறந்தார். சொத்தில் பாதியை பாஸ்டன் மக்களுக்கு இலவசச் சொற்பொழிவு நடத்த எழுதிவைத்திருந்தார். 1839 கடைசியில் தொடங்கிய சொற்பொழிவுகள் தலைமுறைகளைத் தாண்டி நடந்தன. 1946இல் அந்த அறக்கட்டளை அங்குள்ள கல்லூரிகளோடு கூட்டு சேர்ந்து உரைகளை வானொலியில் கொடுக்க ஆரம்பித்தது. அதிலிருந்துதான் 1951இல் ஜிபிஹெச் வானொலியே பிறந்தது. அதாவது, நிலையத்தை வைத்துக்கொண்டு பேச்சுக்கு ஆள் தேடவில்லை. பேச்சு நூறு வருஷமாக நடந்துகொண்டிருந்தது, அதைக் கேட்கவைக்கத்தான் நிலையம் வந்தது.

நமக்கும் மில் உண்டு, சொற்பொழிவும் உண்டு. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களுக்குப் பக்கத்தில் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒன்று இருந்தது. அங்கே வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதில் முன்நின்றார்கள். சபையில் நடந்தது பக்திச் சொற்பொழிவுதான். கேட்க வந்தவர்கள் மில் தொழிலாளர்கள். பகவான் கதைக்கு முன்னும் பின்னும் அவர்கள் பேசிக்கொண்டது மில் கதை. திரு.வி.க. வந்து பேசினார், அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியா வந்து பேசினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இந்தத் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே முதலாளி வீட்டுப் பணம் சொற்பொழிவைக் கொடுத்தது. இங்கே சொற்பொழிவு கேட்கப் போனவர்கள் முதலாளியிடம் கணக்கு கேட்கக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு நம் கதைதான் உசத்தி.

ஆனால் அந்தப் பேச்சுகளைப் பதிய அன்று வழியில்லை. 1924இல்தான் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் வந்தது. அது மூன்று வருஷத்தில் நொடித்துப் போக, 1930இல் மாநகராட்சியே வானொலி நடத்தி, பூங்காக்களில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்கவைத்தது. அகில இந்திய வானொலி சென்னைக்கு 1938இல்தான் வந்தது. காசில்லாதவன் காதிலும் விழட்டும் என்று பூங்காவில் குழாய் கட்டியது இந்த நகரத்தின் நிர்வாகம்தான். அதனால் நீங்கள் கேட்பது பாஸ்டனிலிருந்து இறக்குமதியான ஆசை ஒன்றுமில்லை.

இப்போது ஆகாசவாணிக்கு வருவோம். உரைகளைப் பதிவதில் அதற்குப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டேல் நினைவுச் சொற்பொழிவு என்று 1955 முதல் ஒரு வரிசை உண்டு, முதலில் பேசியவர் ராஜாஜி. லண்டனில் பிபிசி 1948இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை வைத்துத் தொடங்கிய ரீத் சொற்பொழிவுகளும் இதே வகைதான்: பெரிய மனிதர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாடே கேட்கச் செய்வது. நல்ல காரியம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் பாஸ்டன் முறை இதற்கு நேரெதிர். யார் பேச வேண்டும் என்று நிலையம் முடிவு செய்வதில்லை. ஊரில் ஏற்கெனவே நடக்கும் கூட்டத்துக்கு மைக்கோடு போகிறது, அவ்வளவே. செலவும் குறைவு.

அதனால்தான் பெரிய பேச்சாளர்களை இங்கே அழைத்துவரும் உங்கள் யோசனை எனக்கு ஒப்பவில்லை. அவர்களுடைய பேச்சு ஏற்கெனவே பத்து இடத்தில் இருக்கிறது. அவர்கள் இங்கே வந்து பேசினாலும் அங்கே பேசியதைத்தான் பேசுவார்கள். இங்கே பதிய வேண்டிய பேச்சு வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் எண்ணூரை ஒட்டிய பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. கொசஸ்தலையாற்றில் எந்த இடத்தில் எந்தப் பருவத்தில் இறால் வரும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பிறகு எது வருவதில்லை என்று அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்லக்கூடிய ஆட்கள் அந்தக் குப்பங்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது யாரோ ஒருவருடைய கைப்பேசியில், காற்றிரைச்சலோடு, தேதிகூட இல்லாமல் கிடக்கும். போன் மாறினால் அதுவும் போச்சு.

இதை ஆகாசவாணி வந்து பதியுமா? ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டத்தின் 12ஆவது பிரிவு கல்வி, சுற்றுச்சூழல், உடல்நலம் ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் கொடுக்கச் சொல்கிறது. வானொலியின் நடத்தை விதிகளோ மத்திய, மாநில அரசுகளைக் கடுமையாக விமர்சிக்கக் கூடாது, கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது என்கின்றன. எண்ணூரைப் பற்றிப் பேசுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிப்பார்? 1990இல் எழுதி 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தன்னாட்சி என்கிறது. அது காகிதத்தில் மட்டும் இருக்கும்வரை, பேச்சைக் கத்தரிக்காமல் வெளியிடுகிற தைரியம் அங்கே வரும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர்களுக்குச் சௌகரியம்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம். ஸ்ருதி டிவி போன்ற சேனல்கள் தமிழ் இலக்கியக் கூட்டங்களுக்குச் செய்திருப்பது எந்த அரசு நிறுவனமும் செய்யாதது. ஆனால் தனி ஆள் உழைப்பு அந்த ஆள் சோர்ந்தால் நின்றுவிடும். யூடியூப்பில் ஏற்றிவைப்பது பாதுகாத்து வைப்பதாகவும் ஆகாது. அடுத்தடுத்து சில புகார்கள் போதும், சேனலே காணாமல் போகும். எங்கே, என்றைக்கு, எதைப் பற்றி என்ற பட்டியலோடு ஐம்பது வருஷம் காப்பாற்றுவதற்குத்தான் பொது நிறுவனம் தேவைப்படுகிறது.

இனி உங்கள் கூட்டத்துக்கு. வீடியோவை விடுங்கள், ஆடியோ போதும். பேச்சுக்குப் போதுமான 64 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் ஒரு மணி நேரம் பதிந்தால் சுமார் 29 எம்பிதான் வரும். ஆட்டோ ஓட்டிக்கொண்டும் கேட்கலாம், மீன் ஆய்ந்துகொண்டும் கேட்கலாம், தெருக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பதிந்தால் மின்விசிறி சத்தம்தான் விழும். மைக்செட்காரரிடம் சொல்லி மிக்ஸரிலிருந்து ஒரு வயரை உங்கள் ரெக்கார்டருக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

பேசுகிறவரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பொதுக் கூட்டத்தில் பேசிய பேச்சின் உரிமை பேசியவருக்குத்தான் என்கிறது காப்புரிமைச் சட்டம். அதே சட்டம் நிகழ்த்துநர் என்று யாரை எல்லாம் சொல்கிறது தெரியுமா? நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, அடுத்து சொற்பொழிவாளர். நம் மேடைகளைப் பார்த்தவர்தான் அந்த வரிசையை எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பதிவின் தொடக்கத்தில் இடம், தேதி, பேசுகிறவர் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது உள்ளேயே இருக்கும். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். கேள்வி நேரத்தை வெட்ட வேண்டாம். பேச்சைவிட அதுதான் சூடாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்பவர் கையில் மைக் போகட்டும், இல்லாவிட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம்தான் பதிவாகும். முதல் கூட்டத்துக்குத் தேதி குறித்ததும் எழுதுங்கள். மெட்ரோவில் தண்டையார்பேட்டை வரை வந்துவிடுவேன், அங்கிருந்து கேட் திறந்திருந்தால் சரி.