ஸ்வர்ணா சப்-1 நெல் பொன்னிறமாக இல்லையே, போலி விதையா?

கேள்வி: ஐயா, எங்களுடையது தாழ்வான வயல். ஐப்பசி மழையில் பயிர் ஒரு வாரம்கூட முங்கிக் கிடக்கும். அதனால் ஆந்திராவில் இருக்கும் சொந்தக்காரர் மூலம், வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணா ரகமான ஸ்வர்ணா சப்-1 விதை வாங்கி நட்டேன். பயிர் அச்சு அசல் ஸ்வர்ணாதான். ஆனால் கதிர் முற்றியதும் நெல் சாதா ஸ்வர்ணா மாதிரி பொன்னிறமாக வரவில்லை, வைக்கோல் நிறத்தில் வெளுத்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
- ஒரு விவசாயி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: இல்லை. ஸ்வர்ணா சப்-1 நெல்லுக்கு வைக்கோல் நிற உமிதான். பொன்னிறமாக வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

வெள்ளம் தாங்கும் சப்-1 மரபணு, எப்.ஆர்.13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து வந்தது. நெல்லுக்கு உள்ள 12 ஜோடி குரோமோசோம்களில் அது 9-ஆவதில் இருக்கிறது. அதற்கு மிக அருகிலேயே, உமியின் பொன்னிறத்தை அமுக்கிவிடும் இன்னொரு மரபணுவும் உட்கார்ந்திருக்கிறது. மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும். தள்ளித் தள்ளி இருக்கும் மரபணுக்கள் அப்போது எளிதில் பிரிந்துவிடும். ஒட்டி இருப்பவை பிரிவது அபூர்வம். சப்-1 மரபணுவை ஸ்வர்ணாவுக்குக் கொண்டுவந்தபோது, திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவுடனேயே ஒட்டுச் சேர்த்து மற்ற குணங்களையெல்லாம் மீட்டுவிட்டார்கள். உமி நிறம் மட்டும் சப்-1 கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உமியைத் தள்ளிவிட்டால் அரிசியில் வித்தியாசம் இல்லை. விதை உற்பத்தி செய்பவர்களுக்கு இது ஒருவகையில் வசதியும்கூட. சாதா ஸ்வர்ணாவையும் சப்-1-ஐயும் கண்ணாலேயே பிரிக்கலாமே!

அறுவடைக்கு முன் வயலில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கங்கே பொன்னிறக் கதிர் தெரிந்தால் அது சாதா ஸ்வர்ணா கலவன். விதைக்கு எடுப்பதாக இருந்தால் தூரோடு பிடுங்கிவிடுங்கள். அதே சமயம், வைக்கோல் நிறம் எத்தனையோ ரகங்களுக்கு உண்டு. நிறம் சரியாக இருப்பதாலேயே சப்-1 இருக்கிறது என்று ஆகிவிடாது. அடுத்த முறை நீல நிறச் சான்று அட்டை உள்ள மூட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ஒரு விஷயம். தூர் கட்டும் பருவத்தில் இரண்டு வாரம் வரை முங்கினாலும் சப்-1 தாங்கும். முளைக்கும்போதோ பூக்கும்போதோ தண்ணீர் ஏறினால் அதை நம்ப முடியாது. வெள்ளம் வடிந்த கையோடு யூரியா போடாதீர்கள், புதுக் குருத்து விடட்டும்.