மகனுக்குக் குரோம்புக் போதுமா? பாடநெறி முடிவாகட்டும், பிறகு பார்க்கலாம்

வணக்கம். சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகனுக்கு 450 சிங்கப்பூர் வெள்ளியில் ஒரு குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினி) வாங்கிக் கொடுத்தால் போதுமா, அல்லது கடன் உடன் வாங்கியாவது 1,500 வெள்ளிக்கு விண்டோஸ் மடிக்கணினி வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டில் எதையுமே இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை. தேர்வு முடிவுகள் ஜனவரியில் வெளிவரும். அதையொட்டிக் கல்லூரி இடங்களுக்கான கூட்டுச் சேர்க்கை விண்ணப்பம் நடக்கும். பிப்ரவரியில் இடம் தெரிந்துவிடும். பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் (பாலிடெக்னிக்) வகுப்புகள் ஏப்ரலில்தான் தொடங்கும். ஆகவே எந்தப் பாடநெறி என்பது உறுதியான பிறகும் கணினி வாங்க உங்களுக்குப் போதிய அவகாசம் இருக்கிறது. ஆண்டிறுதித் தள்ளுபடி போய்விடுமே என்ற பதற்றத்தில் நவம்பரிலேயே வாங்கிவிட்டு, ஏப்ரலில் இன்னொன்று வாங்க நேரும் குடும்பங்களை நான் ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன்.

குரோம்புக்கைக் குறைத்து மதிப்பிட்டு நான் இதைச் சொல்லவில்லை. 2011-இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே அது ஒரே நோக்கத்துக்காக வடிவமைக்கப்பட்ட கருவி: உலாவியில் செய்யக்கூடிய வேலையை விரைவாகவும் பாதுகாப்பாகவும் செய்வது. சில நொடிகளில் திறந்துகொள்ளும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் இயங்குதளத்தை யாரேனும் மாற்றியிருக்கிறார்களா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். கருவி பழுதானாலும் ஆவணங்கள் இணையக் கணக்கில் இருப்பதால் வேறொரு கணினியில் நுழைந்து வேலையைத் தொடரலாம். தமிழ் தட்டச்சுக்கும் தடையில்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டு விசைப்பலகை முறைகளும் அதிலேயே உள்ளன. 2021 முதல் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைத்தபோது, பல பள்ளிகள் குரோம்புக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இவையெல்லாம் காரணம். பள்ளிகள் பயன்படுத்தும் இணையவழி மாணவர் கற்றல் தளம் முழுவதுமே உலாவியில் இயங்குவதால் அங்கே அது போதுமானதாகவும் இருந்தது. பள்ளியில் நான்கு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது கல்லூரியில் மூன்று ஆண்டுகளுக்குப் போதாதா என்று கேட்பது இயல்புதான். ஆனால் பள்ளிப் பாடங்கள் உலாவிக்கென்றே தயாரிக்கப்பட்டவை. கல்லூரிப் பாடங்கள் மாணவர் சேரப்போகும் தொழில்துறை எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறதோ அதைப் பின்பற்றுபவை. கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

உங்கள் மகன் இயந்திரப் பொறியியலுக்கும் வணிகத்துக்கும் இடையே ஊசலாடுவதாக எழுதியிருந்தீர்கள். இயந்திரப் பொறியியல் என்றால் சாலிட்வொர்க்ஸ் போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள் தவிர்க்க முடியாதது. அது விண்டோஸில் மட்டுமே இயங்கும், ஆப்பிள் கணினியில்கூட நேரடியாக இயங்காது. கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்பு மாணவர்கள் பயன்படுத்தும் ரெவிட்டும் அப்படியே. இவற்றுக்குக் குரோம்புக் உதவாது என்பதோடு, தனி வரைகலைச் சில்லு இல்லாத மலிவு விண்டோஸ் கணினிகூடத் திணறும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இணையப் பாதுகாப்புப் படிப்பிலும் இதே நிலைதான். ஒரு கணினிக்குள் வேறு சில கணினிகளை மெய்நிகராக இயக்கிப் பார்ப்பது அங்கே அன்றாடப் பயிற்சி; அதற்கு 16 ஜிபி நினைவகமும், வழக்கமான மெய்நிகர் மென்பொருளை ஏற்கும் இயங்குதளமும் தேவை.

வணிகம் என்றால் விடை அவ்வளவு எளிதில் வராது. அறிக்கை, விளக்கப்படைப்பு, குழுப்பணி, ஜீரோ போன்ற இணையவழிக் கணக்கியல் மென்பொருள் ஆகிய அனைத்தையும் உலாவியிலேயே முடித்துவிடலாம். இடிப்பது எக்செல். குரோம்புக்கில் கிடைப்பது எக்செலின் இணைய வடிவம். அதில் அட்டவணையும் வரைபடமும் வரும், ஆனால் மேக்ரோக்களை (திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானே செய்துமுடிக்கும் சிறு நிரல்களை) எழுதவோ இயக்கவோ முடியாது. ஆண்ட்ராய்டு எக்செல் செயலியைப் போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். குரோம்புக்கில் அந்தச் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2021-லேயே நிறுத்திவிட்டது. கணக்கியலிலோ வணிகத் தரவுப் பகுப்பாய்விலோ சிறப்புப் பாடம் எடுக்கும் எண்ணம் இருந்தால் இந்தக் குறை இரண்டாம் ஆண்டில் வந்து நிற்கும். பாலர் கல்வி, சமூகப்பணி போன்ற படிப்புகளுக்கு ஒரு நல்ல குரோம்புக் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். தொடக்கக் கல்லூரிக்கும் (ஜூனியர் காலேஜ்) அப்படித்தான்.

மென்பொருளைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரும் கேட்க மறந்துவிடும் ஒன்று, தேர்வு. கணினியைப் பூட்டிவைத்துத் தேர்வு நடத்தும் மென்பொருள்களில் சில குரோம்புக்கை ஏற்பதில்லை. சேஃப் எக்ஸாம் பிரவுசர், எக்ஸாம்பிளிஃபை ஆகியவை அத்தகையவை. மூன்று ஆண்டுக் குழுப்பணியைக் குரோம்புக்கில் சமாளித்த மாணவர்கூடத் தேர்வு நாளன்று இரவல் கணினிக்கு அலைய நேரலாம். எனவே பாடநெறியின் இணையப் பக்கத்தில் உள்ள மடிக்கணினித் தேவைகளைப் பாருங்கள். தேர்வைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை என்றால் திறந்த இல்ல நாளில் விரிவுரையாளரிடமே கேளுங்கள். அந்தப் பக்கத்தில் "விண்டோஸ்" என்று எழுதியிருந்தால், யார் எந்த மாற்றுவழியைச் சொன்னாலும் விவாதம் அத்துடன் முடிந்தது.

காத்திருக்கும் இந்த வாரங்களில் மகனுக்கு ஒரு பயிற்சி கொடுக்கலாம். வீட்டுக் கணினியில் ஒரு வாரம் குரோம் உலாவியைத் தவிர வேறு எதையும் திறக்கக்கூடாது. திறந்தே தீர வேண்டும் என்று வரும்போதெல்லாம் அதன் பெயரை ஒரு தாளில் எழுத வேண்டும். வார இறுதியில் தாளில் கணினி விளையாட்டின் பெயர் மட்டுமே இருந்தால், அவருடைய இப்போதைய பழக்கத்துக்குக் குரோம்புக் போதும் என்று பொருள். (விளையாட்டுக்குத் தடை போடவே குரோம்புக் வாங்க நினைக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு ஓர் ஏமாற்றம்: ஆண்ட்ராய்டு விளையாட்டுகள் அதிலும் ஓடும்.)

குரோம்புக்தான் என்று முடிவானால், கடை சிம் லிம் சதுக்கமானாலும் முஸ்தஃபாவானாலும், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் காட்சிக்கு வைத்திருக்கும் கருவியின் அமைப்புகளைத் திறந்து, "குரோம் ஓஎஸ் பற்றி" என்ற பகுதியில் கூடுதல் விவரங்களைப் பாருங்கள். அந்தக் கருவிக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை மென்பொருள் மேம்பாடுகள் வரும் என்று அங்கே எழுதியிருக்கும். 2021 முதல் வெளிவந்த கருவிகளுக்கு 10 ஆண்டுக்கால மேம்பாடு உண்டு என்றாலும், அந்தப் பத்து ஆண்டு தொடங்குவது நீங்கள் பணம் கட்டும் நாளிலிருந்து அல்ல, அந்த வகைக் கருவி முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. பாதி விலைக்குத் தள்ளிவிடப்படும் குரோம்புக்குகளின் இரகசியம் பல நேரங்களில் இந்தத் தேதியில்தான் இருக்கும். 4 ஜிபி நினைவகம் உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். பத்துப் பதினைந்து பக்கங்களும் ஒரு காணொளிச் சந்திப்பும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் அது தடுமாறும். 2023-இல் வந்த குரோம்புக் பிளஸ் வகையில் குறைந்தது 8 ஜிபி நினைவகமும் 128 ஜிபி சேமிப்பிடமும் இருக்கும். ஆனால் அதன் விலை ஏறி ஒரு சாதாரண விண்டோஸ் மடிக்கணினியை நெருங்கிவிட்டால், மலிவு என்ற காரணமே அடிபட்டுப் போகிறது. அப்போது நான் விண்டோஸ் பக்கமே சாய்வேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்ததைக் கவனித்தேன். வருமானத் தகுதி உள்ள குடும்பங்களுக்குச் சலுகை விலையில் மடிக்கணினி கிடைக்க, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் என்ற திட்டத்தை நடத்துகிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு மாணவர் விவகாரப் பிரிவில் நிதியுதவி பற்றியும் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய விண்டோஸ் கணினியை யாராவது மலிவாகத் தர முன்வந்தால், அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

கூட்டுச் சேர்க்கை விண்ணப்பத்தில் மகன் 12 தெரிவுகள் வரை குறிப்பிடலாம். முதல் நான்கைந்து தெரிவுகளின் மடிக்கணினித் தேவைப் பக்கங்களை அச்சிட்டு, அவர் எழுதிய அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, முடிவுகள் வந்த வாரத்தில் இருவருமாக வாருங்கள். தெரிவுகளை வரிசைப்படுத்தும்போதே கணினிச் செலவையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.