உப்புப் போடும் முன்னாடி பிரிச்சிருங்க

பாளையங்கோட்டை வீட்டுல எங்க மாமாவுக்கு சுகர், அத்தைக்கு சிறுநீரகக் கோளாறு, இடுப்புல கைக்குழந்தை. பத்து வருஷம் அப்படி ஒரு அடுப்படியைப் பாத்தவ நான். நீங்க எழுதிக் கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

மதினி, மாமனாருக்கு சுகர், இவுகளுக்கு ரத்தக்கொதிப்பு, பிள்ளைக்கு ஏழு மாசம். மூணு சமையல் பண்ணி நடு ஒடியுது. (அம்பாசமுத்திரம்)

மூணு சமையல் எதுக்கு? ஒரே குழம்பை வைங்க, பிரிக்கிற நேரம்தான் முக்கியம். பருப்பும் காயும் வெந்ததும், உப்பு, புளி, வத்தல்பொடி சேருமுன்ன, பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து மசிச்சு வச்சிருங்க. ஒரு வயசு வரைக்கும் உப்பும் சீனியும் வேண்டாம், தேன் கண்டிப்பா கூடாது.

மிச்சக் குழம்புக்கு எப்பவும் போடுததுல பாதி உப்பு போட்டு இறக்குங்க. வேணுங்கிறவங்க தட்டுல சேத்துக்கட்டும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழதான் உப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒரு டீஸ்பூன் கூட முழுசா வராது. குழம்புல குறைச்சுட்டு பக்கத்துல அப்பளமும் மோர்மிளகாயும் நார்த்தங்காய் ஊறுகாயும் வச்சா போன உப்பு திரும்பி வந்துரும். நம்ம இஞ்சிப் பச்சடியை உப்புக் குறைச்சு வைங்க. புளிப்பும் இஞ்சிக் காரமும் இருந்தா நாக்கு உப்பை அவ்வளவா தேடாது.

மாமனாருக்கும் அதே சாப்பாடுதான். முதல்ல காயும் பருப்பும், பிறகு ஒரு கரண்டி சோறு. இந்த வரிசையில சாப்பிட்டா சாப்பாட்டுக்குப் பிறகு சுகர் ஏறுத வேகம் குறையும்.

சுகர்காரங்க சொதி சாப்பிடலாமா அக்கா? மறுவீட்டு விருந்துல எங்கப்பா ஏங்கிப்போய் உக்காந்திருந்தாவ. (தென்காசி)

படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. சொதியை நிறுத்த வேண்டாம். தேங்காப்பாலை விட, அதுக்காகக் குவிக்கிற சோறும் தொட்டுக்க வைக்கிற உருளைக்கிழங்கும்தான் சுகரை ஏத்துது. வீட்டுல வைக்கையில கிழங்கை விட்டுட்டு முருங்கைக்காய், பீன்ஸ், கேரட் கூட்டிப் போடுங்க. இதயக் கோளாறும் இருந்தா முதல் பாலைக் குறைங்க. உளுந்தஞ்சோறு வைக்கும்போது ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புன்னு போடாம சரிக்குச் சரி போட்டுப் பாருங்க, தோல் உளுந்தாவே இருக்கட்டும்.

கருப்பட்டி காப்பி சுகருக்கு நல்லதுதானே? (வள்ளியூர்)

இல்லம்மா. அதுலயும் இருக்கிறது சர்க்கரைதான், சுகர் ஏறும். உடன்குடியில இருந்து வந்தாலும் அப்படித்தான்.

அம்மாவுக்கு சிறுநீரகம் பழுது, பொட்டாசியம் கூடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. இந்துப்பு போடலாமா? (களக்காடு)

இந்துப்பும் உப்புதான், சோடியம் இருக்கு. அதைவிட ஆபத்து, சோடியம் குறைச்சதுன்னு கடையில விக்கிற உப்பு. அதுல பொட்டாசியம் கலந்திருக்கும். டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க. எங்க அத்தைக்கு நல்லதுன்னு நினைச்சு தினம் இளநீர் வாங்கிக் குடுத்தவ நான். இளநீர்லயும் பொட்டாசியம் ஏராளம், ரத்தப் பரிசோதனை வந்த அன்னைக்கு அழுதுட்டேன். உங்க ஊர்ல வாழைப்பழம் வீட்டு வாசலுக்கே வரும், அதையும் அளவு கேட்டுத்தான் குடுக்கணும்.

காயைச் சின்னதா நறுக்கி வெந்நியில ஊறப்போடுங்க. பிறகு நிறையத் தண்ணி விட்டு வேகவச்சு வடிச்சிருங்க. பொட்டாசியம் கொஞ்சம் தண்ணியோட போகும், முழுசாப் போகாது. கூட்டாஞ்சோறு வைக்கிற அன்னைக்கு முருங்கைக்கீரை போடுமுன்ன அம்மாவுக்குத் தனியா எடுத்திருங்க. பருப்பு எவ்வளவுங்கிறதை உணவு ஆலோசகர்தான் சொல்லணும்.

மகளுக்குக் கோதுமை ஒத்துக்காது, அதுல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் கூடாதாம். இட்லி, சாம்பார்தான் குடுக்கேன். ஆனாலும் வயித்துவலி நிக்கல, சித்தி. (மேலப்பாளையம்)

பெருங்காய டப்பாவை எடுத்துப் பாருங்க. கூட்டுப் பெருங்காயத்துல மைதா கலக்கிறது வழக்கம். கொஞ்ச நாள் பூண்டும் சீரகமும் போட்டுத் தாளிங்க. சப்பாத்தி சுட்ட கல்லுல அவளுக்குத் தோசை ஊத்தாதீங்க, தனிக் கல் வேணும். நம்ம ஊர் அல்வாவும் கோதுமைப் பால்தான், பிள்ளை கையில யாரும் குடுத்துராம பாத்துக்கோங்க. இதெல்லாம் விட்டும் வலி நிக்கலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அத்தை சுத்த சைவம், இவுகளுக்கு மீன் இல்லாம இறங்காது. (பேட்டை)

சைவத்தை முதல்ல முடிச்சு அத்தைக்குப் பரிமாறிருங்க. பிறகு மீனுக்குன்னு வச்சிருக்கிற மண்சட்டி, அதுக்குத் தனிக் கரண்டி. மசாலாவைப் பொதுவா அரைச்சுக்கலாம், அத்தை பங்கை எடுத்தப்புறம் அம்மி பக்கம் மீன் கையோட போகாதீங்க.