மறதி நோய் வந்த கணவருக்கு எந்தப் பரிசோதனை வரை போகலாம்?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: கணவருக்கு 66 வயது, இரத்தப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் முடிந்து, ஆரம்பநிலை அல்சைமர் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனி முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். பிள்ளைகள் உடனே செய்யச் சொல்கிறார்கள். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. 2019-இல் நான் நின்ற இடத்தில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள். உங்கள் கேள்வியில் மருத்துவர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், நீங்கள் இருக்கிறீர்கள். கணவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. நோயின் பெயரையே அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியென்றால், முதுகுத்தண்டு நீரைப் பற்றி யோசிக்குமுன் இதைப் படியுங்கள். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தக்கலைக்கு அருகே வீடு. ஏழு ஆண்டுகளாக மனைவியைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் மனைவி 30 ஆண்டுகள் அங்கன்வாடியில் பணிபுரிந்தவள். 2018 ஓணத்தை ஒட்டி, தேங்காய் வெட்டியவருக்கு ஒரே நாளில் மூன்று முறை கூலி கொடுத்தாள். அதன் பிறகு மீன் குழம்பில் புளி விடாமல் இறக்குவதும், தக்கலைச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் திகைத்து நிற்பதும் நடந்தன. தொடக்கப் பரிசோதனைகளைப் பொறுத்தவரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவற்றில் ஒன்றையும் விடக் கூடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, உப்புச் சத்து குறைவு, மனச்சோர்வு, எப்போதோ தலையில் பட்ட அடியில் மெதுவாகக் கசிந்து தேங்கிய இரத்தம், மூளையில் நீர் கோத்தல் என்று மறதி நோயைப் போலவே தோற்றம் தருபவை பல உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. இவளுக்கு பி12 குறைந்திருந்தது. இரத்தத்தில் உப்பின் அளவைக் காட்டும் சோடியம் 124-க்கு இறங்கியிருந்தது, அதற்குக் காரணம் இரத்த அழுத்தத்துக்கு அவள் சாப்பிட்டுவந்த, சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை. மாத்திரையை மாற்றி, பி12 ஊசியும் போட்ட பிறகு நான்கு மாதம் நன்றாகவே இருந்தாள். செய்தித்தாளை மறுபடி கையில் எடுத்தாள். நோய் அதற்கு அடியில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த நான்கு மாதத்தைத் தந்தவை சாதாரண இரத்தப் பரிசோதனைகள்தாம்.

2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, நினைவைப் பதியவைக்கும் பகுதி சுருங்கியிருக்கிறது, அல்சைமராகத்தான் இருக்கும் என்றார். அவளிடம் சொல்லட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான். அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பெரிய நோய் என்றால் நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்வதுதான் வழக்கம், அதை அன்பு என்றே நானும் நம்பியிருந்தேன். திரும்பி வரும்போது களியக்காவிளையில் பேருந்து மாறி ஏறி உட்கார்ந்ததும் அவளே கேட்டாள்: “எனக்கு என்ன தீனமாக்கும்? டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?” வயசானா வாற மறதியாக்கும், மாத்திரை தந்திருக்காரு என்றேன். மார்த்தாண்டம் தாண்டும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குக் கேட்கவும் தெரிந்தது, பதிலைப் புரிந்துகொண்டு தன் விருப்பத்தைச் சொல்லவும் முடிந்திருக்கும். அந்த நிலை இன்னும் ஒன்றரை ஆண்டு, காலை வேளைகளிலாவது, இருந்தது. அத்தனை நாளையும் நான் வீணாக்கினேன்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கு டோனெபெசில் தொடங்கினார்கள். இது நோயை நிறுத்தும் மருந்து அன்று; சிலருக்குச் சில காலம் கவனமும் நினைவும் கொஞ்சம் தெளிவாக இருக்க உதவும், அவ்வளவே. 5 மில்லிகிராமில் தொந்தரவு இல்லை. 10-க்கு ஏற்றியபோது வாந்தி, பசியின்மை, நாடித் துடிப்பு 48 என்று ஆகவே மறுபடி 5-க்கு வந்தோம். சில மாதம் கழித்துச் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. வேறொரு மருத்துவரிடம் காட்டியதற்கு அவர் ஆக்சிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்கவே இல்லை. மூன்றே வாரத்தில் அவள் தன் தங்கையை யாரென்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டாள். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மருந்து மூளையில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதையே இன்னொன்று தடுக்கிறது என்று விளக்கினார். சிறுநீர்த் தொந்தரவே முதல் மருந்தால் வந்திருக்கலாம் என்றார். இரண்டையும் நிறுத்திய ஒரு மாதத்தில் தங்கையை அடையாளம் கண்டுகொண்டாள். ஆகவே திடீரென்று நிலைமை மோசமானால் நோயின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். புதிய மாத்திரை எது, சிறுநீரில் கிருமித் தொற்று உண்டா, மலச்சிக்கலா, உப்பு குறைந்ததா என்று பாருங்கள். இந்தச் சிறு பரிசோதனைகள் எந்தக் கட்டத்திலும் செய்யத் தக்கவை.

2022-இல் சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சலும் வந்து, ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தோம். இடம் மாறியதில் இரவும் பகலும் அவளுக்குக் குழம்பிப் போயின. சலைன் ஊசியைப் பிடுங்குகிறாள் என்று இரண்டு கைகளையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, “நான் என்ன களவா எடுத்தேன்?” என்று என்னிடம் கேட்டாள். கட்டை அவிழ்த்துவிட்டு, மீதி நாட்கள் முழுவதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தொற்று குணமாயிற்று. ஆனால் அந்த ஆறு நாளில் இழந்த நடையும் பேச்சும் முழுதாகத் திரும்பவில்லை.

அதனால்தான் 2023-இல் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 8-க்கு இறங்கி, இரும்புச் சத்து குறைந்திருக்கிறது, குடலில் எங்கேனும் இரத்தக் கசிவு இருக்கலாம், உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். குடலைச் சுத்தம் செய்ய முந்திய நாள் லிட்டர் கணக்கில் மருந்து நீரைக் குடிக்க வேண்டும்; ஒரு குவளைத் தண்ணீருக்கே அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தவளுக்கு அதை எப்படிக் கொடுப்பது? புற்று என்று தெரிந்தால் அடுத்து என்ன என்று மருத்துவரிடமே கேட்டேன். அறுவைதான் என்றார், இந்த உடல்நிலையில் அதைச் செய்வீர்களா என்றேன், யோசிக்க வேண்டும் என்றார். கண்டுபிடித்தும் செய்யப் போவதில்லை என்றால் எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும்? இரும்புச் சத்து மட்டும் ஏற்றினோம்.

குவைத்தில் இருக்கும் அவள் தம்பி தொலைபேசியில் அழைத்து, “அத்தான், ரூவாய நெனச்சு வேண்டாம்னு வச்சிராதீங்க, நான் தாறேன்” என்றான். அந்தச் சொல் இன்றும் ஆறவில்லை. பணம் காரணமாக இருந்திருந்தால் அவளுக்காக ரப்பர்த் தோட்டத்தை விற்றிருப்பேன். ஆனால் அடுத்து அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 2009-இல் அவர்களுடைய தகப்பனாருக்கு 82 வயதில் குடலில் கட்டி வந்தபோது, இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்று ஆண்கள் எல்லோரும் சொன்னோம். சண்டை போட்டு அறுவைக்கு ஒத்துக்கொள்ள வைத்தவள் இவள். அவர் பிறகு மூன்று ஆண்டு இருந்தார், பேத்தியின் கல்யாணச் சோறு உண்டார். “அப்பாக்கு அவ செஞ்சா. அவளுக்கு நீங்க செய்ய மாட்டீங்களா?” என்று தம்பி கேட்டான்.

தகப்பனாருக்கு அறிவு தெளிவாக இருந்தது, எதற்காக வெட்டுகிறார்கள் என்று தெரிந்து அவரே கையெழுத்துப் போட்டார், இவளுக்குக் கட்டிப்போட்ட கை மட்டுமே தெரியும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான காரணம் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆயினும் அது என் காரணம், அவள் சொன்னதன்று. 2019-இல் உண்மையைச் சொல்லி, ‘நாளைக்கு உனக்கு இப்படி ஒன்று வந்தால் எவ்வளவு தூரம் போகட்டும்?’ என்று கேட்டிருந்தால், ‘அப்பாவுக்குச் செய்ததை எனக்கும் செய்யுங்கள்’ என்று சொல்லியிருப்பாளோ, ‘ஆளைத் தெரியாமல் போனபின் எதற்கு?’ என்று சொல்லியிருப்பாளோ, இனி யாராலும் சொல்ல முடியாது. மனைவியைச் சாக விட்டவன் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். அவள் இருக்கிறாள், ஹீமோகுளோபின் 10-க்கு மேல் இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர் புண் வராமல் பார்த்துக்கொள்ளக் கற்றுத் தந்திருக்கிறார். அதனால் நான் எடுத்த முடிவு சரி என்று வாதிடவும் நான் வரவில்லை, கசிவு எங்கே என்பது எனக்கு இன்றும் தெரியாது. வந்து பார்க்கும் உறவினர்கள் கட்டில் அருகே நின்று “என்னைத் தெரியுதா?” என்று பரீட்சை வைப்பதையும், ஓர் இரவுகூடத் தங்கிப் பார்க்காமல் இன்னும் எங்கெல்லாம் கொண்டுபோகலாம் என்று பட்டியல் தருவதையும் மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இனி உங்கள் கேள்வி. முதுகுத்தண்டு நீரில் பார்ப்பது அமிலாய்டு, டௌ என்னும் புரதங்களின் அளவை. அல்சைமர்தானா என்ற சந்தேகம் மருத்துவருக்கே இருந்தால், அல்லது லெகானெமாப் போன்ற புதிய ஊசி மருந்தை யோசித்தால், அது பயன்படும். அந்த மருந்து ஆரம்ப நிலைக்கு மட்டும் உரியது. 18 மாத ஆய்வில், நோய் எவ்வளவு முற்றியது என்று அளக்கும் 18 புள்ளி கொண்ட அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.45 புள்ளி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இதைப் பெரிதென்று எடுத்துக்கொள்பவரும் உண்டு, வேண்டாம் என்பவரும் உண்டு. எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லும் உரிமை உங்கள் கணவருடையது, ஆரம்ப நிலை என்பதால் அவரால் இன்னும் சொல்ல முடியும்.

ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் நேரத்தைக் காலையில் வாங்குங்கள். கணவர் முன்னிலையிலேயே நோயின் பெயரைச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஒருநாள் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், எவ்வளவு தூரம் போகட்டும் என்று கணவரிடம் வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை கேளுங்கள். ஒரே பதில் வந்தால் அதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள், பிள்ளைகளும் கேட்கட்டும். விழுங்க முடியாத காலத்தில் மூக்கு வழியாகக் குழாய் வைக்கலாமா என்பதையும் இப்போதே கேளுங்கள்; முற்றிய நிலையில் குழாய் வைப்பதால் ஆயுள் கூடுவதில்லை, நுரையீரலுக்குள் உணவு போய் நிமோனியா வருவதும் நிற்பதில்லை, கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே நல்லது என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குணமாக வழியில்லாத நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. 2023-இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும் என்றது. எனக்கு நான் எழுதிவைத்துவிட்டேன். தெளிந்த மனத்தோடு கையெழுத்திட வேண்டிய தாள் அது, என் மனைவிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. உங்கள் கணவருக்குக் கடக்கவில்லை. முதுகுத்தண்டு நீரை அடுத்த மாதமும் எடுக்கலாம், அதற்கு அவசரமில்லை. அவரிடம் பேசுவதை இந்த வாரமே செய்யுங்கள்.